ஓப்பெரா ஆட்டம்

1858-இல் பாரிசின் ஓப்பெரா அரங்கில் அமெரிக்கரான பால் மோர்பி வெள்ளைக் காய்களுடன் சதுரங்கம் ஆடினார். பிரன்சுவிக் கோமகனும் இசுவார்டு பிரபுவும் கலந்து பேசிக் கருப்பை நகர்த்தினர்.

மூன்றாம் நகர்வில் கருப்பு மந்திரி வெள்ளைக் குதிரையை ராணியோடு பிணைத்தது. குதிரை விலகினால் ராணி பறிபோகும். மோர்பி நடுச் சிப்பாயை வெட்டினார். கருப்புச் சிப்பாய் திருப்பி வெட்டினால், வெள்ளை ராணி கருப்பு ராணியை முற்றுகையுடன் வெட்டும்; அரசன் அதை வெட்டியே ஆகவேண்டும். இந்த இடைநகர்வால் பிணைப்பு அறும். குதிரை ஒரு சிப்பாயை இலவசமாகப் பெறும். எனவே கருப்பு, மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வெட்டியது.

11-ஆம் நகர்வில் மோர்பி குதிரையைப் பிணைத்ததோ அரசனோடு. அதற்கு இத்தகைய மாற்றுவழி இல்லை. 16-இல் தம் ராணியையே பலியிட்டு, 17-இல் இறுதி முற்றுகையிட்டார். கருப்பின் ஒரு மந்திரியும் ஒரு கோட்டையும் கடைசிவரை அசையவேயில்லை.