செல்பேசியில் இருக்கும் செல்

டார்ச் லைட்டுக்குப் போடுவது செல். உயிரியல் பாடத்தில் உடம்பு முழுக்க இருப்பது செல். சிறையில் கைதியை அடைத்து வைக்கும் அறையும் செல். இந்த மூன்றும் தமிழ்நாட்டில் புழங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1990களின் நடுவில், நான்காவதாக ஒரு செல் வந்து சேர்ந்தது. பேட்டரியில் ஓடுவதால் செல்போன் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. செல் என்றால் போ, போகிற இடமெல்லாம் கூட வருவதால் செல்போன் என்பவர்களும் உண்டு. ஆனால் பெயர் பிறந்த கதை வேறு. அந்தச் செல்லைக் கருவியைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாம் நின்று பேசும் தரைதான் அது. ஒரு கோபுரத்தின் அலைக்கு உட்பட்ட நிலத்துண்டுக்குச் செல் என்று பெயர்.

நிலத்தைத் துண்டு போட வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் காரிலிருந்து பேசும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. கருவியின் எடை 80 பவுண்டு, ஏறக்குறைய 36 கிலோ. பெரும்பகுதி காரின் டிக்கியில் கிடக்கும். ரிசீவர் மட்டும் ஓட்டுநரின் கைக்கு எட்டும்படி முன்னால் இருக்கும். அதை எடுத்ததும் வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஆபரேட்டரை அழைத்து எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு பட்டனை அழுத்திக்கொண்டு பேசுவது, விட்டுவிட்டுக் கேட்பது. இத்தனைக்கும் பிறகு, அந்த நகரம் முழுவதிலும் ஒரே சமயத்தில் மூன்று அழைப்புகள்தான் நடக்க முடியும். நான்காவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான்.

1964இல் ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக டயல் செய்யும் முறை வந்தது. பட்டனை அழுத்திப் பேசும் தொல்லையும் போயிற்று. நெருக்கடி மட்டும் தீரவில்லை. 1970களில்கூட நியூயார்க் போன்ற மாநகரத்தில் பெல் சேவைக்கு இருந்தவை 12 அலைவரிசைகள். இணைப்புப் பெற்றவர்கள் சில நூறு பேர். இணைப்புக் கேட்டுக் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

உயரமான ஒரு கோபுரம், அதில் சக்தி மிகுந்த ஒரு டிரான்ஸ்மிட்டர், நகரம் முழுவதும் அதன் எல்லை. இதுதான் பழைய ஏற்பாடு. ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசத் தொடங்கினால், அந்த வட்டாரம் முழுவதற்கும் அது கைவிட்டுப் போய்விடும். டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் கூட்டினால் இன்னும் பெரிய வட்டாரத்துக்குக் கைவிட்டுப் போகும்.

1947 டிசம்பர் 11 தேதியிட்ட பெல் ஆய்வகத்து உள்சுற்றுக் குறிப்பு ஒன்றில் டக்ளஸ் ரிங் என்ற பொறியாளர் இதைத் தலைகீழாக்கினார். உடன் பணியாற்றிய ரே யங் அதற்குத் துணை நின்றார். கோபுரத்தின் சக்தியைக் குறை. கோபுரங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. ஒவ்வொன்றின் குரலும் சின்ன வட்டாரத்துக்குள் அடங்கட்டும். இங்கே பயன்படுத்திய அலைவரிசையைப் போதிய தூரம் தள்ளி மறுபடி பயன்படுத்தலாம். அந்த வட்டாரங்களை அவர்கள் அறுகோணங்களாக வரைந்தார்கள். வட்டங்களை அடுக்கினால் நடுவே இடைவெளி விழும், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இடைவெளியில்லாமல் பொருந்தும் சீரான வடிவங்கள் முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றுதான். கோபுரத்திலிருந்து மூலைக்கு உள்ள தூரம் சமமாக இருந்தால், மூன்றில் அறுகோணமே அதிக நிலத்தை அடைக்கும். அதனால் குறைந்த கோபுரங்கள் போதும். உண்மையான தரையில் எந்தச் செல்லும் அறுகோணமாக இருப்பதில்லை. கட்டடமும் மேடுபள்ளமும் அதைக் கோணல்மாணலாக்கிவிடும். அறுகோணம் திட்டம் போடுபவர்களின் காகிதத்து வடிவம்.

பெயர் உடனே கிடைத்துவிடவில்லை. இந்தக் கருத்தைச் சொன்ன தாள்களின் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது சுவையான வேலை. 1947 குறிப்பின் தலைப்பில் இருப்பது 'வைடு ஏரியா', அகன்ற பரப்பு. 1960இல் ஷுல்டி, கார்னெல் இருவரும் எழுதிய கட்டுரையில் அது 'மல்டி ஏரியா', பல பரப்பு. 1970இல் ரிச்சர்ட் ஃபிரங்கியல் எழுதியதில் 'ஸ்மால் ஸோன்', சிறு மண்டலம். 1979 ஜனவரியில் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழ் இந்த அமைப்புக்கென்றே ஓர் இதழை ஒதுக்கியபோது, அதில் மெக்டொனால்டு எழுதிய கட்டுரையின் தலைப்பு 'செல்லுலர் கான்செப்ட்'. அகன்ற பரப்பில் தொடங்கிய பார்வை படிப்படியாகச் சுருங்கி ஒரு சின்ன அறைக்குள் வந்து நின்றிருக்கிறது.

அறை என்பதே அந்தச் சொல்லின் முதற்பொருள். லத்தீனில் 'செல்லா' என்றால் சிற்றறை, பண்டங்களைச் சேர்த்து வைக்கும் உள்ளறை. தேனடையின் அறையையும் லத்தீன் எழுத்தாளர்கள் அப்படித்தான் சொன்னார்கள். துறவி தனித்திருக்கும் அறை, கைதி அடைபட்டிருக்கும் அறை என்று ஐரோப்பிய மொழிகளில் அது பரவியது. 1665இல் லண்டனில் ராபர்ட் ஹூக், தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, தேனடைபோல் தெரிந்த கண்ணறைகளுக்கு அதே சொல்லைப் போட்டார். உயிரியலுக்கு வந்த செல் அது. அறுகோண அடுக்கை வரைந்த பொறியாளர்களின் துறைக்கும் அந்தச் சொல்லே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் அறைக்குச் சுவர் உண்டு, பேசுபவரோ காரில் போய்க்கொண்டிருப்பவர். ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பேச்சு அறுந்துவிடக் கூடாது. நிலத்தைத் துண்டாக்கியது பாதி வேலைதான். துண்டுகளைத் தைத்தது மறுபாதி. அதுதான் கடினமாக இருந்தது. 1947 டிசம்பரில் ரிங் குறிப்பு எழுதிய சில நாட்களிலேயே அதே பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அது முதிர்ந்து சில்லுகளாக மாறும்வரை இந்தத் தையல் நடைமுறைக்கு வரவில்லை. நூற்றுக்கணக்கான அலைவரிசைகளில் எதற்குச் சொன்னாலும் சட்டென்று தாவும் கருவி வேண்டும். அதற்குக் கட்டளையிட நிலையத்தில் கணினி வேண்டும். அரசின் அனுமதியும் இழுத்தடித்தது. இதற்கான அலைக்கற்றை பற்றிய முறையான விசாரணையை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் தொடங்கியதே 1968இல்தான்.

செல்பேசியின் முதல் தலைமுறை அமைப்பில் தையல் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். பேச்சோடு சேர்த்துக் கோபுரம் ஒரு மெல்லிய ரீங்காரத்தையும் அனுப்பும். 5,970, 6,000, 6,030 ஹெர்ட்ஸ் என்ற மூன்றில் ஒன்று. பேசுபவருக்குக் கேட்காதபடி கருவி அதை வடிகட்டிவிட்டுக் கோபுரத்துக்கே திருப்பி அனுப்பும். தொலைவில் அதே அலைவரிசையைப் பயன்படுத்தும் வேறொரு செல்லின் குரல் தவறிப்போய் வந்து விழுந்தால், ரீங்காரம் மாறியிருப்பதிலிருந்து ஆள் வேறு என்று தெரிந்துவிடும். கார் எல்லையை நெருங்க நெருங்க அலை மெலியும். உடனே அக்கம்பக்கத்துக் கோபுரங்கள் அந்தக் காரின் அலையை அளந்து பார்க்கும். எந்தக் கோபுரத்தில் வலுவாகக் கேட்கிறதோ அங்கே காலியான ஓர் அலைவரிசையை நிலையம் ஒதுக்கும். பிறகு நொடியின் சிறு பங்கு நேரத்துக்குப் பேச்சை மறைத்து, அந்த இடுக்கில் கருவிக்குக் கட்டளை போகும். கருவி புது அலைவரிசைக்குத் தாவிவிடும். பேசிக்கொண்டிருப்பவர் வாக்கியத்தை முடித்துக்கொண்டிருப்பார். பெல் ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயலுக்கு 1972இல் இந்தக் கைமாற்றத்துக்கான காப்புரிமை கிடைத்தது. செல்பேசியின் பிறப்பு என்றதும் 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் மார்ட்டின் கூப்பர் கையில் செங்கல் போன்ற கருவியோடு நின்று பேசியதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்குச் சற்றும் குறையாத மதிப்பு இந்தக் கண்ணுக்குத் தெரியாத தையலுக்கும் உண்டு என்பேன்.

செல் சுருங்கச் சுருங்க இடம் பெருகும் என்பதே இதன் அழகு. ஆரத்தைப் பாதியாக்கினால் அதே நிலத்தில் நான்கு மடங்கு செல்கள். நான்கு மடங்கு பேர் பேசலாம். 1978இல் சிகாகோவில் பெல் நடத்திய சோதனையில் 2,100 சதுர மைலுக்குப் பத்தே செல்கள். இன்று நெரிசலான நகரத்தில் ஒரு தெருவுக்குள்ளேயே சில செல்கள் இருக்கலாம். வணிகச் சேவை 1979இல் டோக்கியோவிலும், 1981இல் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும், 1983இல் சிகாகோவிலும் வந்தது.

போன இடமெல்லாம் அதற்கு வேறு வேறு பெயர். சீனர்கள் 'கை எந்திரம்' என்றார்கள். ஜெர்மானியர்கள் ஆங்கிலம் போலவே ஒலிக்கும் 'ஹேண்டி' என்ற சொல்லைத் தாங்களே ஆக்கிக்கொண்டார்கள். ஃபின்லாந்தின் 'கன்னுக்கா'விலும் கைதான் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கைத் தமிழர்கள் கைத்தொலைபேசி என்கிறார்கள். இலங்கையில் கையடக்கத் தொலைபேசி என்பதும் உண்டு. நம் கைபேசியும் இந்தக் குடும்பம்தான். இவை கருவியைப் பிடித்திருக்கும் கைக்கு வைத்த பெயர்கள். அமெரிக்கர்களின் செல்லும் லத்தீன் அமெரிக்கர்களின் செலுலாரும் நிலத்துக்கு வைத்த பெயர்கள்.

நமக்கு இந்தச் சொல் கடைப் பலகைகள் வழியாகவும் வந்தது. 1989இல் இலங்கையில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் செல்டெல். 1995இல் சென்னையில் சேவை தொடங்கியவற்றில் ஒன்று ஸ்கைசெல். பின்னால் ஏர்செல், அரசின் செல்ஒன். அப்போது வெளியே போகும் அழைப்புக்கு மட்டுமல்லாமல் வரும் அழைப்புக்கும் காசு. 2003இல்தான் அது நின்றது. 'செல்லு' என்று ஓர் உகரத்தைச் சேர்த்து நம் பேச்சு அதைச் சொந்தமாக்கிக்கொண்டது.

எழுத்தில் நடந்தது இன்னும் நுட்பம். சொல்லும் பொருளும் சேர்ந்தால் சொற்பொருள். கல்லும் சிலையும் சேர்ந்தால் கற்சிலை. செல் என்பதைப் பெயராகக் கொண்டு அதே விதியைப் போட்டால் செற்பேசி என்று வர வேண்டும். யாரும் அப்படி எழுதவில்லை. கொல்களிறு, வெல்படை போல லகரம் மாறாமல் செல்பேசி என்றே எழுதுகிறோம். பிறமொழிச் சொல்லுக்குப் புணர்ச்சி கட்டாயமில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் தமிழ் தெரிந்த கண்ணுக்கு அது வினைத்தொகையாகத்தான் தெரிகிறது: சென்ற, செல்கின்ற, செல்லும் பேசி.

எனக்கு மிகவும் பிடித்தது செல்லிடப்பேசி. தினமணி போன்ற நாளிதழ்கள் விடாமல் எழுதிவரும் சொல். நீளம் என்று குறைப்படுபவர்கள் அதன் நடுவிலிருக்கும் 'செல்லிடம்' என்பதைக் கவனிக்க வேண்டும். திருக்குறளில் வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளில் வரும் சொல் அது. அங்கே அதன் பொருள் போகிற இடம் அல்ல. சினம் பலிக்கும் இடம் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். செல்லுபடி, செல்லாத நோட்டு என்று நாம் சொல்லும் அதே செல். கோபுரத்தின் அலை எதுவரை செல்லுமோ, எதுவரை அதன் பேச்சு எடுபடுமோ, அதுவரை அதன் செல்லிடம். பொறியாளர்கள் 'கவரேஜ்' என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

அலைவரிசைகளைப் பங்கு போட்ட பழைய கணக்கு இன்று பெரும்பாலும் இல்லை. மூன்றாம் தலைமுறையிலேயே அடுத்தடுத்த செல்கள் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டால் பேச்சைப் பிரித்தெடுக்கத் தொடங்கிவிட்டன. செல் எல்லையே இல்லாத, சுற்றியுள்ள பல ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒருவருக்குச் சேவை செய்யும் அமைப்பைப் பற்றியும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனாலும் நிலமாகிய செல் இன்னும் வேலையில் இருக்கிறது. 2023இல் நாடெங்கும் செல்பேசிகள் திடீரென்று உரக்க ஒலித்து, சோதனை எச்சரிக்கை ஒன்றைத் திரையில் காட்டின. அந்த முறைக்குப் பெயர் செல் பிராட்காஸ்ட். அதற்கு யாருடைய எண்ணும் தேவையில்லை. புயலோ வெள்ளமோ வரப்போகும் செல்களைத் தேர்ந்து அனுப்பினால், அந்த நேரத்தில் அங்கே எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கும் கருவிகளுக்கெல்லாம் செய்தி போய்ச் சேரும், வெளியூர்க்காரரின் கருவி உட்பட.