வில்லும் நரம்பும்: சித்திரங்கள் உரைக்கும் சாட்சியம்

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் மாசி மகத்திற்குக் கடலாடக் கிள்ளைக்கு எழுந்தருளுவதும், ஆங்கே முஸ்லிம் பெருமக்கள் பட்டும் மாலையும் தந்து வரவேற்பதும் நம் பக்கத்தார் யாவரும் அறிந்த வழக்கம். இத்தகைய மண்ணில் பிறந்து வளர்ந்த நமக்கு, ‘இஃது எம்முடையது, அஃது உம்முடையது’ என்று வரப்பிட்டுப் பேசுவது இயல்பன்று. எனினும் இளமையில் ஒருமுறை அவ்வாறு பேசி நாணமுற்றோம். அந்நாணத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீமுஷ்ணத்தில் நிகழ்ந்த ஒரு பள்ளி விழாவில் முஸ்லிம்களின் கலைத்தொண்டு பற்றிப் பேச நம்மை அழைத்திருந்தனர். மேடையில் ஒரு பிடில் வித்துவானும் அமர்ந்திருந்தார். அவரது கருவியைச் சுட்டிக்காட்டி, “இதோ இந்தப் பிடில் நம் முன்னோர் உலகுக்கு அளித்த கொடை, ரபாபுதான் பிடிலாயிற்று” என்று முழங்கினோம். கரவொலி எழுந்தது. விழா முடிந்தபின் அப்பெரியவர் நம்மருகே வந்து, “ஐயா, இராவணன் செய்த கருவி என்று எங்கள் பெரியோர் சொல்வார்கள். நீங்கள் வேறு சொல்கிறீர்கள். எங்கள் சொல்லுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. உங்களிடம் உண்டா?” என்று பணிவுடன் வினவினார். நம்மிடம் இருந்தது யாரோ எழுதிய ஒரு துண்டுப் பிரசுரம் மட்டுமே. வாய் திறவாது நின்றோம்.

மத்ரஸாவில் ஹதீஸ் பயின்ற ஒருவனுக்கு இதனினும் பெரிய இழுக்கு வேறில்லை. ஒரு செய்தியைக் கேட்டால் ‘யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், நம்பத்தக்கவரா’ என்று வினவும்படி நம் உஸ்தாதுமார்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்தனர். அந்த அளவுகோலைப் பெருமை பேசுமிடத்தில் கழற்றி வைத்துவிட்டோம். எனவே, பின்னாளில் சென்னை நூலகங்களுக்குச் செல்லும்போதெல்லாம் சித்திரத் தொகுதிகளையும் இசை வரலாறுகளையும் புரட்டலானோம். இசைக்கருவி கேட்டல் ஆகுமா ஆகாதா என்பதில் ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடு ஈண்டு நம் பொருளன்று. நாம் எழுத அமர்ந்தது ஃபத்வா அன்று; வரலாறு.

கால் வியோலா

தேடத் தொடங்கியதும் நமக்கு வியப்பொன்று காத்திருந்தது. ரபாபின் சாயலை மிகுதியும் காத்து வைத்திருந்தது பிடில் அன்று. நம் நாட்டார் பெரும்பாலும் கண்டிராத வேறொரு கருவி. இத்தாலிய மொழியில் அதன் பெயர் ‘வியோலா ட காம்பா’. ‘காம்பா’ என்றால் கால். பிடிலின் இனத்தைக் கையால் தாங்குவதால் ‘வியோலா ட பிராச்சோ’, அதாவது கை வியோலா என்றனர்; கால்களுக்கிடையே நிறுத்தி வாசிப்பதனால் இதனைக் கால் வியோலா என்றனர்.

உருவில் பெரிய பிடிலைப் போன்று தோன்றினும் இஃது இயல்பால் வேறு. பிடிலுக்கு நான்கு தந்திகள், இதற்கு ஆறு. பிற்காலத்தில் பிரான்சு நாட்டில் ஏழாவது நரம்பும் சேர்ந்தது. நம் பண்டைய யாழைப் போல இதற்கும் விலங்கு நரம்பே தந்தி. வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல் இதன் கழுத்திலும் நரம்பைச் சுற்றிக் கட்டிய மெட்டுகள் உண்டு. வில்லை உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, கீழிருந்து பிடிப்பர். ஆகவே இதன் நாதம் உரத்து ஒலிப்பதன்று. பக்கத்தில் அமர்ந்தவர்க்கு மட்டும் உரைக்கும் மெல்லிய குரல்.

இக்கருவி 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் கீழ்க்கரையில், வலென்ஸியா நகரைச் சூழ்ந்த பகுதியில் உருப்பெற்றது. ஆங்குள்ள தேவாலயங்களில் தீட்டப்பெற்ற அக்காலச் சித்திரங்களில், வானவர் இதனை மடியில் நிறுத்தி வாசிக்கும் கோலத்தைக் காண்கிறோம். அரபு நூல்களில் ‘பலன்ஸியா’ என வழங்கும் ஊரே அது. 1238ஆம் ஆண்டு அரகான் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அதனைக் கைப்பற்றிய பின்னும், 1609இல் நாடு கடத்தப்படும் வரை முஸ்லிம்களும் அவர்தம் வழியினரும் அந்நாட்டுப்புறத்தில் உழுதும் நெய்தும் வாழ்ந்தனர்.

ரபாபின் சுவடு

இனி நூற்சான்றுகளைக் காண்போம். ஹிஜ்ரி 339இல் (கி.பி. 950) மறைந்த அல்ஃபாராபி, தமது ‘கிதாபுல் மூஸீகல் கபீர்’ என்னும் பெருநூலில் ரபாபுக்குத் தனிப்பகுதி ஒதுக்கி, நரம்புகளில் விரல் வைக்கும் இடங்களைக் கணக்கிட்டு உரைக்கின்றார். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில், வில்லின் இருமுனைகளுக்கிடையே கட்டிய நரம்பில் மெழுகும் குந்துரும் தடவித் தந்திகளின்மேல் தேய்க்கும் முறையை விளக்குகின்றார். குந்துர் என்பது நம் வழக்கில் குந்திரிக்கம். இன்றும் பிடில் வித்துவான்கள் வில்லுக்குப் பிசின் தடவுவதை யாவரும் கண்டிருப்போம்.

சித்திரச் சான்றுகளில் வில் முதன்முதலாகத் தெளிவுறத் தோன்றுவதும் அந்தலூஸின் அண்டையிலேதான். ஸ்பெயினில் 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்று மத்ரித் தேசிய நூலகத்தில் காக்கப்பெறும் கிறிஸ்தவச் சுவடி ஒன்றில், வில்லால் இசைப்போர் தீட்டப்பெற்றுள்ளனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பத்தாம் அல்ஃபோன்ஸோ மன்னர் தொகுப்பித்த ‘காண்டிகாஸ்’ பாடல் தொகுதியின் எஸ்கோரியல் படி மேலும் சிறப்புடையது. இசைவாணரைக் காட்டும் நாற்பது சிறு சித்திரங்கள் அதில் உள்ளன. அவற்றில் ரபாப் முழங்காலின்மேல் செங்குத்தாக நிற்க, வில் குறுக்கே செல்கிறது. முஸ்லிம் இசைவாணரும் கிறிஸ்தவ இசைவாணரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் படமும் அதில் உண்டு.

ஆங்கில ஆய்வாளர் இயன் உட்ஃபீல்டு 1984இல் வெளியிட்ட தம் நூலில் இப்படங்களையெல்லாம் வரிசைப்படுத்தி, ஒரு முடிவுக்கு வந்தார். உடலமைப்பு, விரலால் மீட்டப்பெற்ற ‘விகுவேலா’ என்னும் ஸ்பானியக் கருவியினுடையது. நிறுத்தி வாசிக்கும் முறை அப்பகுதி முஸ்லிம்களின் ரபாபினுடையது என்பதே அம்முடிவு. மெட்டுகளும் சுருதி கூட்டும் வகையும் ‘லூட்’ என்னும் கருவியை ஒத்தவை. ‘லூட்’ என்ற சொல்லோ ‘அல்ஊத்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு.

ஆயினும் மறுதரப்பையும் கூறல் கடன். ஐரோப்பியத் தேவாலயங்களின் பழஞ்சிற்பங்களிலும் பிடிலை மடியில் நிறுத்தி வாசிப்போர் உளர். அவ்வழக்கம் அங்கே அருகிப்போய், அரகான் நாட்டில் மட்டும் ரபாபினால் நிலைத்தது என்பதே உட்ஃபீல்டு தரும் விடை. வில்லின் பிறப்பிடமோ குதிரைகள் மலிந்த மத்திய ஆசியா என்பது அறிஞர் பலரின் துணிபு. அல்ஃபாராபி பிறந்ததும் அப்பகுதியிலேதான். தென்னகத்துக் கோயிற் சிற்பங்களிலும் வில்லிசைக் கருவிகள் உண்டென நம் இசை ஆய்வாளர் எழுதியுள்ளனர். ஆகவே ‘வில்லை நாமே படைத்தோம்’ என்று எவரும் அறுதியிட இயலாது. ‘இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இன்ன முறையைக் கொடுத்தோம்’ என்று மட்டுமே கூறலாம். சிறிய கூற்றாயினும் அது நிற்கும் கூற்று.

ஷாத்திபாவின் இரு மைந்தர்

இக்கருவி இத்தாலி சென்ற கதையில் நம் மாணவர்க்கு உவகை தரும் செய்தி ஒன்றுண்டு. கிராஅத் கலை பயில்வோர் மனனம் செய்யும் ‘ஷாத்திபிய்யா’வை யாத்த இமாம் ஷாத்திபீ (1144–1194) வலென்ஸியாவுக்கு அருகிலுள்ள ஷாத்திபா என்னும் ஊரினர். பிற்காலத்தில் அதே ஊரில் பிறந்த ரோட்ரிகோ போர்ஜியா 1492இல் ஆறாம் அலெக்ஸாந்தர் என்னும் பெயருடன் போப்பாண்டவரானார். அவர் காலத்தில் ஸ்பானிய இசைவாணர்கள் ரோமுக்கு வந்தனர். அவர்களுடைய வியோலாக்கள் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் இருந்தன என்று 1493இல் எழுதப்பெற்ற ஒரு மடல் வியக்கின்றது. ஓர் ஊர் உலகுக்குத் திருமறை ஓதும் இலக்கணத்தையும் தந்தது. ஓர் இசைக்கருவியின் பயணத்திற்கும் வாயிலாயிற்று.

சித்திரங்களும் ராவிகளும்

அதன்பின் முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பியச் சித்திரங்களில் இக்கருவி இடம்பெறாத காலமில்லை. ஆனால் எல்லாச் சித்திரமும் ஒரே தரச் சாட்சியமன்று. ஹதீஸ் அறிவிக்கும் ராவிகளை எடைபோடுவதுபோல் ஓவியரையும் எடைபோட வேண்டும் என்பதை நாம் இவற்றிடமே கற்றோம்.

ஜெர்மானிய ஓவியர் குரூனவால்டு 1512க்கும் 1516க்கும் இடையே தீட்டிய இஸன்ஹைம் பலிபீடத்தில், வானவர் ஒருவர் பெரிய வியோலாவை வாசிக்கிறார். வில்லை அவர் பிடித்திருக்கும் விதத்தில் எவரும் வாசிக்க இயலாது. நம் இல்லத்தில் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை ஒன்றுண்டு. அதிலும் பிடிலின்மேல் வில் நேர்மாறாக ஒட்டியிருக்கும். மண் பிசைந்தவர் பிடில் வாசித்தவரல்லர். குரூனவால்டின் படம் அழகில் உயர்ந்தது, சாட்சியத்தில் ளயீஃப்.

வெரோனீஸ் 1563இல் முடித்த ‘கானாவூர்த் திருமணம்’ ஏறத்தாழ பத்து மீட்டர் அகலமுள்ளது. இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் நடுவே வியோலா வாசிப்போரில் ஒருவர் வெரோனீஸே என்றும், பெருங்கருவி ஏந்தியவர் ஓவியர் டிஷியன் என்றும் பிற்காலத்தார் கூறுவர். சங்கிலி அறுந்த செய்தி இது. சுவைக்கலாம், ஆதாரமாகக் கொள்ளலாகாது.

கருவியை அறிந்தவரின் சாட்சியமோ வேறு. வெனிஸ் நகரத்துக் கனாஸ்ஸி தாமே வாசிப்பவர். 1542இல் அவர் வெளியிட்ட பயிற்சி நூலின் முகப்புப் படத்தை நாம் நம்பலாம். ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோவும் இக்கருவியைப் பயின்றவர். தம் நண்பர் ஆபெலை அவர் 1777ஆம் ஆண்டளவில் தீட்டிய படம் ஐயத்திற்கு இடமற்றது.

செய்தியன்றிப் பொருளுரைக்கும் படங்களும் உண்டு. ரஃபாயெல் 1515ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய ‘புனித செஸிலியா’வில், அம்மாது வானத்து இசைக்குச் செவிசாய்த்து நிற்கிறார். அவர் காலடியில் வியோலா நரம்பறுந்து கிடக்கிறது. மண்ணின் இசை விண்ணின் இசைமுன் நில்லாது என்பது கருத்து. ‘ஸமா’ பற்றி ஸூஃபி மேலோர் நிகழ்த்திய விவாதங்களைப் பயின்றோர்க்கு இப்படம் அந்நியமாகத் தோன்றாது.

டச்சு ஓவியர் வெர்மீரின் படங்களிலோ வியோலா வாசிக்க ஆளின்றிக் கிடக்கிறது. 1660களில் தீட்டிய ‘இசைப்பாடம்’ என்னும் படத்தில், இசை பயிலும் பெண்ணின் பின்னே அது தரையில் சாய்ந்திருக்கும். கூடவே வாசிக்க இன்னொருவர் வரவேண்டும் என்பதுபோல் அது காத்திருக்கிறது. அவருடைய ‘கச்சேரி’ என்னும் படத்திலும் இக்கருவி தரையிலேயே கிடக்கும். அப்படமோ 1990இல் பாஸ்டன் நகர அருங்காட்சியகத்திலிருந்து களவு போயிற்று.

பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் மகள் ஹென்ரியத் வியோலா வாசிப்பதாக நாத்தியே 1754இல் தீட்டினார். அவ்விளவரசி அதற்கு ஈராண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். கருவியும் அப்போது அந்திமத்தில்தான் இருந்தது. பெரிய மண்டபங்கள் எழுந்தன. உரத்த குரலுடைய பிடிலும் செல்லோவும் அவற்றை நிறைத்தன. 1787இல் ஆபெல் இலண்டனில் மறைந்தபின் மெல்லிய குரலுடையது ஓய்ந்தது. ஏறத்தாழ நூறாண்டுகள் அது சித்திரங்களில் மட்டுமே வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்னால்டு டொல்மெட்ச் போன்றோர் பழங்கருவிகளைச் செப்பனிட்டு மீண்டும் இசைத்தபோது, எப்படி அமர்வது, வில்லை எங்கே பிடிப்பது என்று பழைய நூல்களோடு இச்சித்திரங்களும் துணை நின்றன.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் மடியில் நிறுத்தி வாசிக்கும் வில்லிசை புதிதன்று. அக்பரின் அவைக் கலைஞருள் ஹெராத் நகரத்து பஹ்ராம் குலீ என்பவர் கிச்சக் வாசித்ததை அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரீ’யில் பதிந்துள்ளார். வடநாட்டு ஸாரங்கியும் மடியில் நிற்பதே.

தமிழகத்துக்கு வந்ததோ கால் வியோலாவன்று. அதனை வென்ற பிடில். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் பயின்று, அதனை நம் இசைக்கு ஆக்கினார். தஞ்சை வடிவேலுவுக்கு மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார். ஆக, நாம் மேடையில் முழங்கியது பாதி மெய். ரபாபின் உறவு பிடிலுக்கும் உண்டு; ஆனால் அது பலர் கைபட்டு, பல நாடு கடந்து வந்த தூரத்து உறவு.

இதையெல்லாம் குறித்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்குப்பின் அவ்வித்துவானின் இல்லம் நாடிச் சென்றோம். “அன்று நாம் ஆதாரமின்றிப் பேசினோம், பொறுத்தருள வேண்டும்” என்று கூறி, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினோம். எஸ்கோரியல் சுவடியின் ரபாபை அவர் நெடுநேரம் உற்று நோக்கினார். பின்னர் பாயில் சம்மணமிட்டமர்ந்து, பிடிலை மார்பில் சாய்த்து, அதன் தலையை வலக்கணுக்காலில் ஊன்றினார். “பாருங்கள் ஐயா, துரைமார்கள் இதைத் தோளில் வைத்து நின்று வாசிப்பார்கள். நாமோ தரையில் அமர்கிறவர்கள். இங்கே வந்ததும் இதுவும் காலைத் தேடிக்கொண்டது” என்று நகைத்தார்.

கை வியோலா என்று பெயர்பெற்ற கருவி நம் மண்ணில் காலூன்றிய விந்தையை எந்த நூலும் அதுவரை நமக்குச் சொல்லவில்லை; அவர் சொன்னார். ஆதாரமற்ற பெருமையால் அன்று ஒரு கரவொலி பெற்றோம். ஆதாரத்தைத் தேடிச் சென்றதனால் ஒரு நண்பரைப் பெற்றோம். நம் பிள்ளைகள் மேடையேறி முன்னோர் புகழ் பேசும்போது, அவர்களுக்கு இவ்வொன்றைச் சொல்லிக் கொடுப்போம்: மெய்யாக உள்ளதே போதுமானது, அதனைச் சான்றோடு சொன்னால் கேட்பவர் உள்ளமும் திறக்கும்.