இஸ்பேட் ஏஸும் ஒரு தூக்குக் கயிறும்

செல்போனில் எமோஜிகளைத் தேடினால் ஆட்டின், டைமண்ட், கிளாவர் படங்களோடு கறுப்பாக ஒரு இஸ்பேட் படமும் கண்ணில் படும். சீட்டாடக் கூப்பிட அதை அனுப்புபவர்கள் உண்டு. ஆங்கிலப் படங்கள் பார்த்துப் பழகியவர்கள் "ஆபத்து", "சாவு" என்ற அர்த்தத்திலும் அனுப்புவார்கள்.

ஒரு சீட்டுக்கட்டை எடுத்துப் பாருங்கள். மூன்று ஏஸ்களில் நடுவில் ஒரு குறி, அவ்வளவுதான். இஸ்பேட் ஏஸில் மட்டும் பெரிய படம், பூவேலை, கம்பெனி பெயர் என்று ஏக அலங்காரம்! ஏன் இந்தப் பாரபட்சம்?

காரணம், வரி.

1711-ல் இங்கிலாந்தை ஆண்டவர் ஆன் ராணி. ஸ்பானிய வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தது, கஜானாவுக்குப் பணம் தேவை. சீட்டுக்கட்டு ஒன்றுக்கு 6 பென்ஸ் முத்திரை வரி போட்டார்கள். வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு சீட்டில் முத்திரை குத்த வேண்டும். அந்த வேலை இஸ்பேட் ஏஸின் தலையில் விழுந்தது.

முத்திரையைக் கள்ளத்தனமாகக் குத்துவது பெரிய காரியமா என்ன? அதனால் 1765-ல் அரசு வேறு வழி கண்டுபிடித்தது. மற்ற 51 சீட்டுகளையும் தயாரிப்பாளரே அச்சடித்துக்கொள்ளலாம். இஸ்பேட் ஏஸை மட்டும் முத்திரை அலுவலகம்தான் அச்சடித்துக் கொடுக்கும். வரி கட்டினால்தான் ஏஸ், ஏஸ் இருந்தால்தான் கட்டு விற்கும். வசூலுக்கு என்ன அருமையான ஏற்பாடு! (அதே ஆண்டு அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது போட்ட முத்திரைச் சட்டத்திலும் சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங் வரி இருந்தது. அங்கே எழுந்த எதிர்ப்பில் மறு ஆண்டே அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.)

வரி ஏறிக்கொண்டே போனது. 1801-ல் கட்டுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 30 பென்ஸ். ஆரம்பத்தில் இருந்ததைப் போல ஐந்து மடங்கு. வரி எவ்வளவு கூடுகிறதோ, அதை ஏய்ப்பதில் கிடைக்கும் லாபமும் அவ்வளவு கூடும். இது வணிகவியல் படிக்காதவருக்கும் புரியும் கணக்கு.

லண்டனில் ரிச்சர்ட் ஹார்டிங் என்ற சீட்டுக்கட்டு வியாபாரி இஸ்பேட் ஏஸைப் போலியாக அச்சடித்துப் பிடிபட்டார். 1805-ல் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை. முத்திரையைப் போலி செய்வது அன்று மரண தண்டனைக் குற்றம். அதே ஆண்டு தூக்கில் போட்டுவிட்டார்கள். அரசுக்கு வர வேண்டிய சில்லறைக்காக ஓர் உயிர்! வரி ஏய்ப்பு தப்புதான், ஆனால் இது கொடுமை இல்லையா?

பிறகு அரசே இறங்கி வந்தது. 1828-ல் வரி 1 ஷில்லிங் ஆனது. போலி செய்ய முடியாதபடி சுருள் சுருளான வேலைப்பாட்டோடு புது ஏஸ் வந்தது. 1862-ல் வரி 3 பென்ஸ்தான். ஏஸை இனி நீங்களே அச்சடித்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிகளிடம் விட்டுவிட்டார்கள். கம்பெனிகள் அலங்காரத்தை விடவில்லை, அதைத் தங்கள் விளம்பரமாக்கிக்கொண்டன. 1960-ல் அந்த வரியே ஒழிந்தது.

சாவின் அடையாளம் என்ற பேச்சு இஸ்பேட் ஏஸுடன் ஒட்டிக்கொண்டே வந்தது. 1966-ல் வியட்நாமில் இருந்த அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சிலர் கேட்டதற்காக, ஒரு சீட்டுக் கம்பெனி 52-ம் இஸ்பேட் ஏஸாகவே கட்டுகள் அனுப்பிவைத்தது. எதிரியைப் பயமுறுத்தப் போகிற வழியெல்லாம் போட்டார்களாம். வியட்நாம்காரர்களுக்கோ அந்தச் சீட்டைப் பார்த்துப் பயப்படும் வழக்கமே கிடையாது. 2003-ல் ஈராக்கில் தேடப்பட்டவர்களின் படங்களைப் போட்டு அமெரிக்கப் படை சீட்டுக்கட்டு அச்சடித்தபோது, சதாம் உசேனுக்குக் கொடுத்ததும் இதே இஸ்பேட் ஏஸ்தான்.