படிச்சா பொண்ணுங்க உடம்பு கெட்டுடும்னு எழுதிய டாக்டர்: ஒரு சின்ன இழை

1/ "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ படிப்பு, உடம்பு தாங்குமா?" இதை ஊர்ப் பெருசுங்க மட்டும் சொல்லல. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பேராசிரியரா இருந்தவரே புத்தகமா போட்டிருக்கார்.

2/ அவர் பேர் எட்வர்ட் கிளார்க். வருஷம் 1873. பருவ வயசுல பெண்கள் ஆண்களுக்குச் சமமா படிச்சா, கர்ப்பப்பை வளர வேண்டிய சக்தி மூளைக்குப் போயிடும், நரம்புத் தளர்ச்சி வரும், குழந்தை பிறக்காது என்பது வாதம். ஆதாரம்? விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள். ஆனா புத்தகம் பல பதிப்பு போச்சு.

3/ பதில் சொன்னது மேரி புட்னம் ஜேக்கோபி என்ற பெண் மருத்துவர். பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். நாடித்துடிப்பையும் தசை வலுவையும் அளந்தார். மாதவிடாய்க்காகப் படிப்பை நிறுத்தத் தேவையில்லை என்று காட்டினார். 1876-ல் அந்தக் கட்டுரைக்குப் பரிசு கொடுத்தது அதே ஹார்வர்டு. ஆனா அங்கே மருத்துவம் படிக்கப் பெண்களைச் சேர்த்தது 1945-ல் தான்!

4/ இன்னொரு அருமையான ஆய்வு, 1890-ல் வந்தது. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு மாணவிகளை, கல்லூரிக்குப் போகாத அவங்க சொந்த அக்கா தங்கைகளோட ஒப்பிட்டார் எலினார் சிட்ஜ்விக். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, படிப்பு மட்டும் வேற. மாணவிகள் உடம்பு எந்த விதத்திலும் குறையவில்லை.

5/ இந்தச் சண்டை நடந்துட்டிருந்தப்பவே, 1875-ல், நம்ம மதராஸ் மருத்துவக் கல்லூரி நாலு பெண்களைச் சேர்த்துடுச்சு. 👏

6/ சரி, இப்ப எதுக்கு இந்தக் கதை? இன்னைக்கும் கல்லூரிகளில் கேட்டால், பதற்றம், மனச்சோர்வு இருக்குன்னு சொல்றவங்களில் மாணவிகள் அதிகம். உடனே "பொண்ணுங்க வீக்"னு ஒரு முடிவு. இது கிளார்க் செய்த அதே வேலை. பாதுகாப்பு, வீட்டு வேலை, கல்யாண நெருக்கடி எதையும் கணக்கில் எடுக்காம உடம்பு மேல பழி போடுறது.

7/ பசங்க பக்கம் வேற மாதிரி ஆபத்து. வாய் திறந்து சொல்றது குறைவு, உதவி தேடி வர்றதும் குறைவு. ஆனா இந்தியாவில் தற்கொலையில் இறப்பவர்களில் ஆண்கள் தான் அதிகம். ஓபிக்கு வர்ற பையன் "தூக்கம் வரல, தலைவலி" என்பான். மாத்திரையோட நிறுத்தாம, "அரியர் இருக்கா? வீட்ல என்ன நிலைமை?"னும் கேட்கணும்.

8/ மாணவர்களே, ஆணோ பெண்ணோ, மனசு சரியில்லைன்னா 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும். தமிழ்லயே பேசலாம். பெற்றோர்களே, "மார்க் எவ்ளோ?"ன்னு கேட்கும் முன்னாடி "நல்லா தூங்குறியா?"ன்னு கேளுங்க. 🙏