எழுத்தறிவுத் திட்டங்களில் தன்னார்வலர்: 1978 முதல் தேசியக் கொள்கையின் போக்கு

ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளுள் நான்காவது கல்வியைப் பற்றியது. இளைஞர் அனைவரும், வயது வந்தோரில் கணிசமானோரும் 2030-க்குள் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் உட்கூறுகளில் ஒன்று. இதை எட்டுவதற்கு இந்திய அரசு இன்று ஊதியம் பெறாத தன்னார்வலர்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. இந்நம்பிக்கைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. தன்னார்வலர் ஊதியம் பெறாமல் உழைத்தாலும், அவரைப் பயிற்றவும் வழிநடத்தவும் அரசு செலவிட்டே தீர வேண்டும் என்பதைக் கொள்கை வகுத்தோர் உணர்ந்திருந்த காலங்களையும் மறந்த காலங்களையும் கொண்டே அவ்வரலாற்றின் ஏற்ற இறக்கங்களை விளக்க முடிகிறது.

1959-இல் மராட்டியத்தின் சதாரா மாவட்டத்தில் தொடங்கிய கிராம் சிக்ஷண் மோஹிம் ஊர்மக்களின் உற்சாகத்தால் வேகமாகப் பரவியபோதும், கற்றவர்கள் தொடர்ந்து படிக்க ஏற்பாடு இல்லாததால் பலர் எழுத்தை மறந்தனர். 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் வேறு வழியைத் தேர்ந்தது. சுமார் முப்பது பேருக்கு ஒரு மையம், அதற்கு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம் பெறும் ஒரு பயிற்றுநர் என்பதே அதன் அமைப்பு. பத்துக் கோடிப் பேரை எட்ட முனைந்த அத்திட்டம், ஊர் பொறுப்பேற்காத இடங்களில் பதிவேட்டளவிலேயே நின்றுபோனது.

1988 மே மாதம் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம், 15 முதல் 35 வயது வரையுள்ள எட்டுக் கோடிப் பேரை 1995-க்குள் எட்டுவதாக அறிவித்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் முன்முயற்சியில் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதும், அந்த அனுபவமே நாடு தழுவிய மாதிரியாயிற்று. மாவட்ட ஆட்சியர் தலைமையில் பதிவு பெற்ற சங்கம் ஒன்று அமைந்து, நிதியை மைய அரசும் மாநில அரசும் பொதுவாக இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் அதற்கே நேரடியாக வழங்கின. கற்பிப்பவருக்கு ஒரு காசும் இல்லை. ஆனால் அவருக்கான பயிற்சி, நூல்கள், கலைப்பயணங்கள், ஊர்தோறும் சென்று பார்க்கும் கருத்தாளர்கள் ஆகிய அனைத்துக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. இந்தப் பிரிவினையே அக்கொள்கையின் உண்மையான சாதனை எனலாம். கற்பித்தலும் தன்னார்வலரின் தனித்திறமைக்கு மட்டும் விடப்படவில்லை. மூன்று படிநிலை நூல்கள், ஏறத்தாழ 200 மணி நேரப் படிப்பு, ஒவ்வொரு நூலுக்குள்ளும் மூன்று தேர்வுகள் என அது வகுக்கப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு 30 சொற்களை வாய்விட்டுப் படிக்கவும், ஏழு சொற்களைப் பார்த்தெழுதவும், ஐந்து சொற்களைக் கேட்டெழுதவும் இயல்வதே எழுத்தறிவு என்று வரையறுக்கப்பட்டதால், மாலை நேரத்தில் திண்ணையில் பாடம் நடத்திய பள்ளி இறுதி வகுப்பு மாணவிக்கும் தன் வேலை எங்கே முடிகிறது என்பது தெரிந்திருந்தது.

தமிழகத்தில் அறிவொளி இயக்கம் என்று வழங்கிய இம்முயற்சி, 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தைத் தாண்டியும் சென்றது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவுடன் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டும் பயிற்சி அளிக்கப்பட்டதும், கல்குவாரிகளில் கூலிக்கு உழைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கிடைக்க வழி செய்யப்பட்டதும் பரவலாக அறியப்பட்டவை. மிதிவண்டி கிடைத்த பிறகு பெண் தன்னார்வலர் அடுத்த ஊர் மையத்துக்குத் துணையின்றிப் போய்வர முடிந்தது என்பதால், தன்னார்வத்துக்கு அரசு அளித்த ஆதரவுகளில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எனினும் இயக்கம் முடிந்ததற்கும் தொடர்கல்வி தொடங்கியதற்கும் இடையே பல மாவட்டங்களில் நீண்ட இடைவெளி விழுந்தது. இதனால் புதிதாகக் கற்றவர் மீண்டும் எழுத்தறிவை இழக்கும் நிலை இருப்பதை, அருண் கோஷ் தலைமையிலான வல்லுநர் குழு 1994-இல் எடுத்துக்காட்டியது. 1991-இல் 52.2 விழுக்காடாக இருந்த நாட்டின் எழுத்தறிவு 2001-இல் 64.8 ஆக உயர்ந்ததில் பள்ளிக் கல்வியின் பரவலுக்கும் பெரும் பங்கு உண்டாதலால், அவ்வளர்ச்சி முழுவதையும் இயக்கத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

2009 செப்டம்பரில் தொடங்கிய சாக்ஷர் பாரத் திட்டம் இந்த இடைவெளியை அடைக்க முயன்றது. ஊராட்சிக்கு ஒரு கல்வி மையமும், மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியத்தில் இரண்டு ஊக்குநர்களும் அமைந்தனர். கற்பித்தவர்கள் தன்னார்வலராகவே தொடர்ந்தனர். 2018 மார்ச்சில் அத்திட்டம் முடிவுக்கு வந்தபோது ஊக்குநர் என்னும் பொறுப்பும் மறைந்தது.

2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயதைக் கடந்த ஐந்து கோடிப் பேருக்கு 1,037.90 கோடி ரூபாய் ஒதுக்கியுள்ளது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 207 ரூபாய் ஆகிறது. மாணவரும் ஆசிரியரும் தன்னார்வலராகக் கற்பிக்கின்றனர். பாடங்கள் உல்லாஸ் செயலி வழியாகவும் கிடைக்கின்றன. செயலி பாடத்தைக் கொண்டுசேர்க்கும் என்பதில் ஐயமில்லை. வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட மூதாட்டியின் வீட்டுக்கு இரண்டாம் முறை போய் அழைத்துவரும் வேலையைத்தான் முன்பு ஊக்குநரும் கருத்தாளரும் செய்தனர். 207 ரூபாய்க்குள் அவ்வேலைக்கென ஓர் ஆளை ஊராட்சிதோறும் அமர்த்த இடமில்லை.