அபோல்டா நகரத்து நாய்

ஜெர்மனி தேசத்தின் நடுப்பகுதியில், காடும் மேடுமாக விரிந்து கிடக்கும் துரிங்கியா பிரதேசத்தில், மகாகவி கேதே வாழ்ந்த வைமர் நகருக்கு அண்மையில், அபோல்டா என்றொரு சிறு நகரம் இருக்கிறது. பின்னலாடைத் தொழிலுக்கும் மணி வார்ப்புக்கும் பெயர்பெற்ற ஊர் அது. கொலோன் பேராலயத்தின் கோபுரத்தில் தொங்கும் இருபத்து நான்கு டன் எடையுள்ள பெருமணி 1923-ஆம் ஆண்டில் வார்க்கப்பட்டது அங்கேதான். ஆனால் அந்த மணியின் பெயர்கூட எட்டாத தேசங்களிலும் அபோல்டாவில் தோன்றிய ஒரு நாய் ஜாதி பரவியிருக்கிறது. நம் நாட்டில் ‘டாபர்மேன்’ என்று வழங்கும் அந்த நாயைக் கண்டு அஞ்சுகிறவர்களும், அதை வாசலில் கட்டி வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதுகிறவர்களும் ஒருமுறையேனும் அறிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் அதனுடையது.

அந்த ஜாதிக்குத் தம் பெயரைத் தந்த கார்ல் பிரீட்ரிக் லூயி டோபர்மன், 1834-இல் பிறந்து 1894-இல் மறைந்த ஒரு சாமானிய மனிதர். பிரபுவும் அல்லர், பிராணி சாஸ்திரம் கற்ற பண்டிதரும் அல்லர். வரி வசூலித்தல், இரவில் போலீஸாருக்குத் துணையாகக் காவல் சுற்றுதல், உடையவரின்றித் திரியும் நாய்களைப் பிடித்தல், செத்த கால்நடைகளை அப்புறப்படுத்துதல் என்று, ஊருக்கு இன்றியமையாதனவாயினும் ஊரார் விரும்பாத உத்தியோகங்களையே அவர் பார்த்துவந்ததாகச் சொல்கிறார்கள். பிறரிடம் வாங்கிய பணத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தி வேளையில் தனிவழியே நடக்க வேண்டிய மனிதருக்கு, அழைத்தவுடன் வருவதும், அந்நியரை அணுகவிடாததும், அவசியமானால் கடிக்கத் தயங்காததுமான ஒரு துணை வேண்டியிருந்தது என்பதில் வியப்பொன்றுமில்லை. நாய் பிடிக்கும் வேலை அவர் கைக்கு விதவிதமான நாய்களைக் கொண்டுவந்து சேர்த்தது. 1860-களில் தொடங்கி அபோல்டாவில் கூடிவந்த நாய்ச் சந்தையோ, அவற்றுள் எது கூரியது, எது மந்தமானது என்று தரம் பிரிக்கும் கண்ணை அவருக்குத் தந்தது. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்த்தார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. பின்ஷர் நாயும், ஆட்டிடையரின் நாயும், கசாப்புக்காரரின் ராட்வீலரும் அதன் முன்னோர் வரிசையில் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தார் கூறுவதெல்லாம் அனுமானமே. அவர் அழகைத் தேடவில்லை; குணத்தைத் தேடினார். அவர் தேடிய குணம் உக்கிரம்.

இதை ஒரு குற்றமாக நான் சொல்லவில்லை. அவருடைய தேவை உண்மையானது. அவருடைய நாய் பகலும் இரவும் அவரோடேயே இருந்தது. அதன் கோபம் எப்போது எழும், எந்தச் சொல்லுக்கு அடங்கும் என்பதை அறிந்த ஒரு மனிதரின் கட்டுப்பாட்டில் அது வாழ்ந்தது. ஆனால், ஒருவரின் இரவு நடைக்காக உருவாக்கப்பட்ட பிராணி, சந்தையிலே விலைபோய், குழந்தைகள் ஓடியாடும் வீடுகளுக்கும், விருந்தினர் வந்துபோகும் முற்றங்களுக்கும் குடிபுகத் தொடங்கியபோது, முன்பு அதன் சிறப்பாக இருந்ததே அதன் அபாயமாக மாறிற்று. இந்த மாற்றத்தை முதலில் உணர்ந்தவர்கள் அபோல்டாக்காரர்களே என்பதை அவர்களுக்குப் பெருமையாகவே சொல்ல வேண்டும். டோபர்மன் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1899-இல், அவ்வூர்வாசியான ஓட்டோ கெல்லர் அந்த நாய்க்கென்று ஒரு சங்கத்தை நிறுவி, அதற்கு டோபர்மனின் பெயரையே நிலைபெறச் செய்தார். இன்ன உருவம், இன்ன நிறம், இன்ன குணம் என்ற லட்சணங்கள் வரையறுக்கப்பட்டன. துணிவும் விழிப்பும் குன்றாமல் கண்மூடித்தனமான சீற்றத்தை மட்டும் தணிப்பதற்கு, அடங்கிய சுபாவமுள்ள நாய்களையே தேர்ந்து இனவிருத்தி செய்யும் நெடிய வேலை அவர் காலத்தில் தொடங்கியது.

அதே வேளையில் ஜெர்மானியச் சட்டமும் இவ்விஷயத்தில் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த சிவில் சட்டத்தின் 833-ஆவது பிரிவு, ஒருவர் வளர்க்கும் பிராணி பிறருக்குத் தீங்கு செய்தால், வளர்ப்பவரிடம் அஜாக்கிரதை இருந்ததா இல்லையா என்ற விசாரணைக்கே இடமின்றி, நஷ்டஈடு தரும் பொறுப்பு அவருடையதே என்று விதித்தது. ஜீவனத்துக்காக வைத்திருக்கும் கால்நடைகளுக்கும் தொழில்நாய்களுக்கும் 1908-இல் சிறிது தளர்வு அளிக்கப்பட்டதேயன்றி, ஆசைக்காக வளர்ப்பவருக்கு இன்றுவரை அந்தச் சலுகை கிடையாது.

உக்கிரமான நாயைச் சாந்தமாகத் திருத்திய இதே கதை அமெரிக்காவிலும் மறுபடியும் நடந்தது. 1939-இல் நியூயார்க் நகரத்து வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் தலைசிறந்த நாய் என்று பரிசு பெற்ற பெர்ரி என்னும் டாபர்மேன், ஜெர்மனியிலிருந்து அப்போதுதான் வந்திறங்கியது. அதன் கடுமைக்கு அஞ்சி நடுவர் அதைத் தொட்டுப் பாராமலே தீர்ப்பளித்தார் என்று சொல்வதுண்டு. தொடுவதற்கே அஞ்சும் நாயைச் சிறந்த நாய் என்று கொண்டாடிய காலம் அது. பின்வந்த அமெரிக்க வளர்ப்பாளர்கள் பல தலைமுறைகள் பொறுமையோடு உழைத்து அந்தக் கூர்மையை மழுக்கினார்கள்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைக்கும் பகுதி குவாம் தீவைச் சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க மரைன் படை பயன்படுத்திய நாய்களுள் பெரும்பாலானவை, சாமானியக் குடும்பங்கள் மனமுவந்து கொடுத்த டாபர்மேன்கள். 1944 ஜூலையில் குவாமில் இறங்கிய படையோடு சென்று, மறைந்திருந்த எதிரியை மோப்பத்தால் காட்டிக்கொடுத்து, அங்கேயே உயிர்விட்ட இருபத்தைந்து நாய்களுக்கு அத்தீவில் ஒரு மயானமும், ஐம்பதாண்டுகள் கழித்து 1994-இல் எழுப்பப்பட்ட வெண்கலச் சிலையும் உண்டு. யுத்தம் முடிந்ததும், போருக்குப் பழக்கப்பட்ட நாய்களை இனி வீடுகளில் வைத்திருக்க முடியாது, கொன்றுவிடுவதே மேல் என்ற எண்ணம் அதிகாரிகளிடையே இருந்தது. குவாமில் அந்நாய்களோடு பணிபுரிந்த கால்நடை வைத்தியரும் படைத் தலைவருமான வில்லியம் பட்னி அதை ஏற்கவில்லை. கற்றதை மறக்கச் செய்ய முடியும் என்று வாதாடி, மனிதர்கள் பலர் மாறிமாறிக் கையாள்வதற்கும், திடீர் ஓசைக்கும், அந்நியரின் வருகைக்கும் அந்நாய்களைச் சாந்தமாகப் பழக்கும் முறை நடைபெறக் காரணமானார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் வீடு திரும்பின. திருத்தவே முடியாதவை என்று முடிவு செய்யப்பட்டவை நான்கே நான்கு. யுத்தமே கற்றுக்கொடுத்த சீற்றத்தைப் பொறுமையுள்ள மனிதர்களால் நீக்க முடிந்தது என்றால், நம் தெருமுனை வீட்டில் ஒரு நாய் சீறுவதற்கு அதன் ஜாதியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

எனினும் வம்சத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நாற்பது நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள ஆண் டாபர்மேன் ஒருமுறை தவறினாலும் விளைவு கொடியது. சின்னஞ்சிறு நாய்க்கு மன்னிக்கப்படும் பிழை அதற்கு மன்னிக்கப்படுவதில்லை. அதனால்தான் குட்டிப் பருவத்தைப் பற்றிய அறிவு அதை வளர்ப்பவருக்கு இரட்டிப்பு அவசியமாகிறது. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆராய்ச்சிசாலையில் ஸ்காட், புல்லர் என்னும் இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் நூலாக வெளியிட்ட முடிவின்படி, ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி எவரோடு பழகுகிறதோ அவரையே தன்னைச் சேர்ந்தவராகக் கருதக் கற்கிறது. அந்த நாட்களைச் சங்கிலியிலும் கூண்டிலும் கழித்த குட்டிக்கு, வளர்ந்தபின் எதிர்ப்படும் ஒவ்வொரு அந்நியனும் ஒரு பயம். அந்தப் பயமே பல் காட்டுகிறது. வீடு காக்க வேண்டுமென்று நாயை மனிதர் கண்ணில் காட்டாமல் கட்டிப்போட்டு வளர்க்கும் வழக்கம் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. காவலுக்கும் அது உதவாது, நாய்க்கும் நன்மை செய்யாது.

1970-களில் அமெரிக்காவில் டாபர்மேன் மீது மோகம் பெருகி, 1977-இல் பதிவுபெற்ற நாய்களுள் இரண்டாமிடத்துக்கு அது உயர்ந்தது. மோகம் பெருகினால், சுபாவம் பாராமல் விலைக்காக மட்டும் குட்டி போடவைக்கும் வியாபாரமும் பெருகும். அபோல்டாவில் தொடங்கிய திருத்தத்தின் பயனை அத்தகைய வியாபாரம் கெடுத்துவிடுகிறது.

அரசாங்கங்கள் பெரும்பாலும் ஜாதியின் பெயரைக் கொண்டே சட்டம் செய்கின்றன. பிரிட்டன் 1991-இல் நான்கு ஜாதிகளைத் தடை செய்தது. நம் மத்திய அரசு 2024 மார்ச்சில் இருபத்துமூன்று ஜாதிகளைப் பட்டியலிட்டு விற்பனைக்கும் வளர்ப்புக்கும் தடைவிதிக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. கர்நாடக, டில்லி உயர்நீதிமன்றங்கள் மறுமாதமே அதை ரத்துச் செய்தன. டாபர்மேன் அப்பட்டியலில் இல்லை. அதனால் அதை வளர்ப்பவரின் கடமை ஒரு குன்றிமணியும் குறைந்துவிடவில்லை. இவற்றினும் மேலானதாக எனக்குத் தோன்றுவது ஜெர்மனியின் நீடர்சாக்சன் மாநிலம் கைக்கொண்ட வழி: அங்கே 2013 ஜூலை முதல், எந்த ஜாதி நாயானாலும், புதிதாக வளர்க்கத் தொடங்குபவர் எழுத்திலும் செயலிலும் பரீட்சை தேறியாக வேண்டும்.

நம்மிடம் அத்தகைய பரீட்சை இல்லை. ஆகவே, இந்த நாயை வாங்க நினைக்கும் அன்பர்கள் குட்டியின் விலையை விசாரிக்குமுன் அதன் தாயை நேரில் சென்று பாருங்கள். அது அந்நியரை எப்படி எதிர்கொள்கிறது என்று கவனியுங்கள். தினமும் இரண்டு வேளை அதை நடத்திச் செல்லவும், முதல் மாதங்களில் பல மனிதரோடு அதைப் பழக்கவும், வெளியில் வார் பிடித்து நடத்தவும் உங்கள் வீட்டில் ஒருவருக்கேனும் நேரமும் உடல்வலிமையும் இல்லையென்றால், தயவுசெய்து வாங்காதீர்கள்.