பல் படலமும் நொதிகளும்
டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லீவன்ஹூக் 1683இல் தம் பல்லிடுக்கு அழுக்கில் அசையும் உயிர்களைக் கண்டார். காடியால் கழுவினால் மேலே இருப்பவைதான் சாகின்றன, உள்ளே காடி எட்டுவதில்லை என்றும் எழுதினார். கூர்மையான கவனிப்பு, காரணம் விளங்கத்தான் நெடுங்காலம் ஆனது.

1924இல் லண்டனில் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பல்லிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அது வெளியே சுரக்கும் குளுக்கோசைல்டிரான்ஸ்ஃபெரேஸ் நொதி, சர்க்கரையிலுள்ள குளுக்கோஸைக் கோத்து நீரில் கரையாத குளுக்கன் பசையாக்குகிறது. பல்லில் படியும் பாக்டீரியாப் படலம் பல்லை இறுகப் பற்றுவது அந்தப் பசையால்தான். இனிப்பின் மீதான பல் மருத்துவர்களின் கோபம் நியாயமானதே.

படலத்தைக் கலைப்பதும் நொதிதான். 2003இல் ஈறுநோய்ப் பாக்டீரியா ஒன்றில் அறியப்பட்ட டிஸ்பெர்சின் பி, சில பாக்டீரியாப் படலங்களின் பசையிலுள்ள, குளுக்கன் அல்லாத வேறொரு சர்க்கரைச் சங்கிலியை வெட்டுகிறது. வாய்க்கு வெளியேயும் இப்படி நடக்கிறது: மூக்கில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் எஸ்ப் என்ற புரதச்சிதைவு நொதி, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற மற்றொரு பாக்டீரியாவின் படலத்தைத் தடுப்பதை 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர்.